வவ்வால் கற்கண்டு

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் சிவகுமார் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கல் சிவகுமார் வீடு என்று கேட்டால் நாய்கூட வழிகாட்டும். மைன்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டின் முன்னறையில் பாதியை ஒரு கண்ணாடி அலமாரி அடைத்துக்கொண்டிருக்கும், டி.வி. அதற்குப் பயந்து ஒரு மூலையில் ஒண்டியிருக்கும். வெள்ளைக் கல், கறுப்புக் கல், மினுக்குகிற கல், மினுக்காவிட்டாலும் பெயர் மட்டும் பெரிதாயிருக்கிற கல் என்று தட்டுத் தட்டாக அடுக்கி, ஒவ்வொன்றின் அடியிலும் என்ன கல், எங்கே கிடைத்தது, யார் எடுத்தது என்று சீட்டு ஒட்டியிருப்பார். மைன் ஓடிய காலத்தில் அவர் சாம்பிளர். சுரங்கத்துக்குள் பாறையைக் கொத்தித் துண்டு எடுத்து, அதில் தங்கம் எவ்வளவு என்று பார்க்க லேபுக்கு அனுப்புகிற உத்தியோகம். மைனை மூடி இரண்டு மாமாங்கம் ஆகப்போகிறது. உத்தியோகத்தின் மிடுக்கை மட்டும் அவர் இன்னும் மூடவில்லை.

பெங்களூர் காலேஜ்களிலிருந்து ஜியாலஜி படிக்கிற பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு தரம் பஸ் வைத்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்கு அவர் சலவைச் சட்டை போட்டு, அலமாரிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொள்வார். பேச ஆரம்பித்தால் அவ்வளவுதான். அவர் மனைவி சரோஜம்மா டீ கொடுத்து, பிஸ்கட் கொடுத்து, மறுபடி டீ கொடுத்து, "கல்லு இன்னும் தீரலியா?" என்று அடுக்களையிலிருந்து முனகுவாள். பிள்ளைகள் கடைசியில் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலை வைத்துக்கொண்டு மனுஷர் அடுத்த வருஷம் வரைக்கும் உயிரோடிருப்பார்.

சரோஜம்மாவின் தங்கை லதாவைக் கட்டியவர் பக்தவச்சலம். இரண்டு வரிசை தள்ளி வீடு. தினமும் ரயிலேறிப் பெங்களூரில் ஒரு கேண்டீனுக்கு வேலைக்குப் போகிறவர். அவருக்கும் கல்லுக்கும் சம்பந்தம் சோற்றில் கடிபடும்போது மட்டும்தான். சகலைக்குச் சகலை பகையொன்றும் இல்லை. பக்தவச்சலத்திடம் சிவகுமாருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று: அவரை எல்லோருக்கும் பிடிக்கும். ரயிலில் அவருக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்க ஆள் உண்டு. மாமியார் சாகக் கிடந்தபோது "பக்தா வந்துட்டானா?" என்றுதான் கேட்டாள், மூத்த மாப்பிள்ளை கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தது அவள் கண்ணில் படவில்லை. காய்ந்த ரோஜாக் குச்சியை அவர் நட்டால் துளிர்க்கும். சிவகுமார் நர்சரியில் வாங்கி வைத்தது பட்டுப்போகும். இதையெல்லாம் சிவகுமார் வெளியே சொன்னதில்லை. சொல்லாததெல்லாம் உள்ளேதானே கிடக்கும்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்தவச்சலம் வந்தார். தலையில் ஒட்டடை, சட்டையெல்லாம் அழுக்கு, கூடவே மூக்கைத் துளைக்கிற ஒரு நாற்றம். கையில் ஒரு பேப்பர் பொட்டலம்.

"இன்னா கோலம் இது?" என்றார் சிவகுமார்.

"ரோஜாவுக்கு எரு வாரப் போனேன் சகலை. கடையில யூரியா கேட்டா ஸ்டாக் இல்லன்றான். வவ்வால் எச்சம் போட்டா பூ இம்மாம் பெருசு பூக்கும்னு ரயில்ல ஒருத்தர் சொன்னாரு. நம்ம பழைய மருந்துக் கிடங்குல குமிஞ்சி கீதே, ஒரு மூட்டை வாரினு வந்தேன். அங்க செவுத்துல இது ஒட்டிகினு இருந்துச்சி. கற்கண்டு மாதிரி கீதேன்னு பேத்து எடுத்தேன்."

மருந்து என்றால் மாத்திரை டானிக் இல்லை. மைன்காரர்களுக்கு மருந்து என்றால் வெடிமருந்து. அதில் ஈரம் பட்டால் பாழ் என்று வெள்ளைக்காரன் காலத்தில் குன்றைக் குடைந்து, உள்ளே செங்கல் வளைவு கட்டி, ஒரு சொட்டு மழைகூட இறங்காதபடி செய்துவைத்த கிடங்கு அது. மருந்து போய், காவல்காரன் போய், இரும்புக்கு விலை இருப்பதால் கதவும் போய், இப்போது வௌவால்கள் மட்டும் வாடகை இல்லாமல் குடியிருக்கின்றன.

சிவகுமார் பொட்டலத்தைப் பிரித்தார். செங்கல் சில்லில் வெளிர்மஞ்சளாய், சர்க்கரை உறைந்ததுபோல ஒரு படிவு. எடுத்த எடுப்பில் நாக்கை நீட்டி அதை நக்கினார்.

இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். சுரங்கத்தில் அது பாலபாடம். காய்ந்த கல் வாய் திறக்காது, நனைந்த கல்தான் பேசும் என்பார்கள். உள்ளே வெடி வைத்த பிறகு பாறை முழுக்கத் தூசி அப்பியிருக்கும். குழாயைத் திருப்பி அதைக் கழுவிவிட்டுத்தான் சாம்பிளர் கண்ணால் பார்ப்பதே. கழுவாமல் பார்த்தவனை மேஸ்திரி தலையில் குட்டுவார். கையடக்கக் கல்லுக்குக் குழாய் எதற்கு, நாக்கு போதும். சிவகுமார் நக்காத கல் அந்த அலமாரியில் ஒன்றுகூட இல்லை.

நாக்கில் சில்லென்றது. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் கரிப்பு. நக்கிய இடத்தில் மினுக்கு கரைந்துபோய்ச் செங்கல் தெரிந்தது.

"உப்பு பூத்துக் கீதுப்பா. செவுத்து உப்பு. தூக்கிப் போடு, செடிக்குப் போட்டா கருகிடும்" என்றார். பக்தவச்சலம் தலையாட்டிவிட்டுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு போனார். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று அவர் போன பிறகு சரோஜம்மாவிடம் சொல்லிச் சிரித்ததும் இதே சிவகுமார்தான்.

பக்தவச்சலம் அதைத் தூக்கிப் போடவில்லை. பார்க்க அழகாயிருக்கிறதே என்று லதா அதை ஊறுகாய் டப்பா ஒன்றில் போட்டு, எறும்பு வராமல் இறுக மூடி, அடுப்பு மேடைக்கு மேலே வைத்துவிட்டாள்.

பங்குனியில் காலேஜ் பஸ் வந்தது. கூட்டிக்கொண்டு வந்தவர் மமதா என்ற பேராசிரியை. கன்னடக்கார அம்மா, தமிழ் நன்றாகவே பேசுவார். சிவகுமார் மூன்றாவது தட்டுக்கு வந்திருந்தபோது பக்தவச்சலம் ஒரு தாம்பாளம் நிறைய ரோஜாப்பூவோடு உள்ளே நுழைந்தார். பெண் பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பூ. அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்த தலைகள் அத்தனையும் பூவுக்குத் திரும்பின.

"இவ்வளவு பெரிய பூவா! என்ன உரம் போடறீங்க?" என்று மமதா கேட்டார்.

"வவ்வால் எச்சம் மேடம். அங்கேர்ந்து ஒரு உப்புக்கல்லுகூட எடுத்தேன். சகலை பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாரு. அதுவும் சரிதான், அவருக்குத் தெரியாததா?"

"எங்கே, காட்டுங்க."

டப்பா வந்தது. மமதா பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். வைத்த லென்ஸை வெகுநேரம் எடுக்கவில்லை. "அய்யோ தேவரே" என்று மட்டும் கன்னடத்தில் மெல்லச் சொன்னார். அப்புறம் டப்பாவை மூடி, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார். மூன்றாவது தட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு தட்டு இருந்தது. அதை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. கைதட்டலும் இல்லை.

அடுத்த வாரம் போன் வந்தது. லேபில் எக்ஸ்ரே வைத்துப் பார்த்துவிட்டார்களாம், சந்தேகமே இல்லையாம். யூரியா. பக்தவச்சலம் விழுந்து விழுந்து சிரித்தார். "கடையில இல்லன்னாங்களேன்னு வவ்வாலுகிட்ட போனா, அதுவும் யூரியாவையே குடுத்துக் கீதே!"

மமதா போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி இரண்டு சகலைகளுக்கும் விளக்கினார். மூட்டையில் வருகிற யூரியா ஃபாக்டரியில் செய்தது. இது யாரும் செய்யாதது. வௌவால் மூத்திரம் சுவரில் காய்ந்து, வருஷக்கணக்கில் ஈரமே படாமல், தானாகவே படிகமாகியிருக்கிறது. உயிரினத்திடமிருந்து வந்த பொருள்தான் என்றாலும் மனுஷன் கை படாமல் பூமியிலேயே உண்டானதால் இதற்குக் கனிமம் என்று பெயர் உண்டு. ஆஸ்திரேலியாவில் வறண்ட பக்கத்துக் குகை ஒன்றில்தான் முதலில் பார்த்தார்களாம். "தண்ணி பட்டா சர்க்கரை மாதிரி கரைஞ்சிடும் சார். அதனாலதான் உலகத்திலேயே எங்கேயும் லேசுல கிடைக்கிறதில்லை. உங்க கிடங்கு அவ்வளவு ட்ரை. நான் ஞாயித்துக்கிழமை வர்றேன். அது சுவத்துல இருக்கிறபடியே போட்டோ எடுக்கணும். பக்தவச்சலம் சார் பேரைப் போட்டு ஒரு கட்டுரை எழுதப்போறேன்."

பக்தவச்சலம் சார்! கேண்டீனில் இட்லிச் சட்டி எண்ணுகிறவன் சார்! சிவகுமாருக்கு அடிவயிற்றில் யாரோ மிளகாயை அரைத்துப் பூசியது போலிருந்தது. நாற்பது வருஷமாகக் கல்லோடு கல்லாகக் கிடந்தவர் அவர். எந்தக் கட்டுரையிலும் அவர் பேர் வந்ததில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக எரு பொறுக்கப் போனவனுக்கு இது கிடைக்க வேண்டுமா? அதைவிடப் பெரிய எரிச்சல் இன்னொன்று. அது முதலில் வந்தது அவர் கைக்கு. அவர் நாக்குக்கே வந்தது.

அந்த நாக்கு விஷயம்தான் ஊரில் பற்றிக்கொண்டது. யார் சொல்லிப் பரவியதோ, டீக்கடைக்குப் போனால், "இன்னா சாம்பிளரே, டீயில சக்கர கரெக்டா? இல்ல வவ்வால இட்டாரச் சொல்லட்டா?" என்றான் கடைக்காரன் நோயல். பெஞ்சில் இருந்தவர்கள் டீ சிந்தச் சிரித்தார்கள். சிவகுமார் பாதி டீயிலேயே எழுந்து வந்துவிட்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சரோஜம்மா தங்கை வீட்டுப் பெருமையைத் தன் பெருமையாகவே பேசிக்கொண்டிருந்தாள். "லதா போன் பண்ணா. பேப்பர்ல போட்டோ வந்தாலும் வருமாம். நல்லவங்களுக்கு நல்லது தானா வருதுங்க."

"அப்ப நான் கெட்டவனா?"

"நான் உங்களையா சொன்னேன்? எதைச் சொன்னாலும் தொப்பி உங்க தலைக்கே சரியா உக்காருதே!" என்று அவள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சோறு இறங்கவில்லை. அலமாரியைத் திறந்து பார்ப்பார், மூடுவார். எல்லாக் கல்லும் திடீரென்று சல்லிக் கல்லாகத் தெரிந்தது. ஆசை ஆசையாய்ச் சேர்த்தவைதான். இப்போது அவை அவரைப் பார்த்து இளிப்பது போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலிறங்கிய கையோடு பக்தவச்சலம் மைசூர்ப்பாகு டப்பாவுடன் வந்து உட்கார்ந்தார். முகத்தில் கள்ளமே இல்லை. அதுதான் சிவகுமாருக்கு இன்னும் ஆத்திரம். கொஞ்சம் அலட்டிக்கொண்டாலாவது திட்டலாம்.

"சகலை, ஞாயித்துக்கெழம நீங்க கூட வரணும். எனக்கு இன்னா தெரியும், மேடம் எதுனா கேட்டா முழிப்பேன். இன்னொண்ணு." குரலைத் தாழ்த்தினார். "செவுத்துல கீறது சின்னது. வளைவுக்கு அடியில ஒசரத்துல ஒரு மாடம் கீது, கீழ கீற கல்லு மேல ஏறி நின்னாதான் கண்ணுக்குத் தெரியும். அதுக்குள்ள கீது பாருங்க, ஊசி ஊசியா, கண்ணாடி கணக்கா! மேடம்கிட்டகூட நான் மூச்சு வுடல. அத்த நீங்கதான் காட்டணும். நான் காட்டினா அது எரு வாரப் போனவன் காட்டினது. நீங்க காட்டினாத்தான் அதுக்கு மரியாத."

வேறு யாராக இருந்தாலும் அந்த வார்த்தைக்கு மனசு குளிர்ந்திருக்கும். சிவகுமாருக்கு அது பிச்சையாகப்பட்டது. இலையில் தனக்குப் போக மிச்சம் விழுந்ததை எடுத்துப் பக்கத்து இலையில் வைக்கிறான். "பாக்கலாம்" என்றார். மைசூர்ப்பாகைத் தொடவில்லை.

சனிக்கிழமை பக்தவச்சலம் வேலைக்குப் போனதும் சிவகுமார் கிளம்பினார். பையில் உளி, சின்னச் சுத்தியல், டார்ச், பஞ்சு வைத்த ஒரு டப்பா, இரண்டு பாட்டில் தண்ணீர். சரோஜம்மாவிடம் பங்காருபேட்டை வரைக்கும் என்றார். மனசில் வேறு கெட்ட எண்ணம் எதுவும் அப்போது இல்லை; அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல ஊசியாக ஒரு கொத்துப் பெயர்த்து அலமாரியின் நடுத்தட்டில் வைக்க வேண்டும், நாளைக்கு மமதா வரும்போது அது ஏற்கெனவே அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு, முள்ளுக்குள் வழி ஒதுக்கிக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே இருட்டு அசைந்தது. வௌவால்கள் கிறீச்சிட்டுவிட்டு அடங்கின. காலடியில் எச்சம் மெத்தை போல அமுங்கியது. டார்ச்சை அடித்தார். கோடிச் சுவரில், முழங்கையளவு இடத்தில், மஞ்சளும் வெளுப்புமாக அது ஒளிர்ந்தது. பொன் ரேகையைப் பார்த்தவர் அவர். ஆனாலும் மூச்சு ஒரு நிமிஷம் நின்றது. எவ்வளவு அழகாயிருக்கிறது. இது அவனுக்குக் கிடைத்திருக்கிறதே என்று உடனே தோன்றியது.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. சுவருக்கு எதிரில் நின்றார். டார்ச்சை இடது கைக்கு மாற்றினார். வலது கை பைக்குள் போனது, பாட்டிலை எடுத்தது, மூடியைத் திருகியது, சுவரின் மேலிருந்து கீழாக வீசி ஊற்றியது. பாறைக்கு எதிரே நின்றால் முதலில் கழுவு என்று பதினைந்து வருஷம் பழகிய கை. தண்ணீர் பட்டால் கரையும் என்று மமதா சொன்னது மூளைக்குத் தெரியும். கைக்கு யாரும் சொல்லவில்லை.

"ஐயையோ!" என்று அவர் அலறியதில் வௌவால்கள் பாதி எழுந்து பறந்தன. படிவு வழிந்துகொண்டிருந்தது. பதறிப்போய் உள்ளங்கையை வைத்து அணைத்தார், ஏதோ அணை கட்டுகிறவர் போல. ஐஸைத் தொட்ட மாதிரி கை குளிர்ந்தது. விரலிடுக்கில் பால்போல ஒழுகி, தரையிலிருந்த எச்சத்தில் இறங்கிக் காணாமல் போனது. கையை எடுத்தபோது செங்கல்தான் இருந்தது.

அங்கேயே குந்திவிட்டார். அழுகை வந்தது, நிஜமான அழுகை. இத்தனை வருஷக் கல் மனுஷன், ஒரு கல்லைக் கொன்றுவிட்டான். ஓடிப்போய்ப் பக்தவச்சலத்தின் காலில் விழலாம் போலிருந்தது. "பழக்கதோஷம்பா, கை தவறிப்போச்சு" என்றால் அவன் நம்புவான். அவன் எதைத்தான் நம்பமாட்டான்?

மாடம் ஞாபகம் வந்தது. கல்லின்மேல் ஏறி நின்று டார்ச்சை உள்ளே அடித்தார். சகலை பொய் சொல்லவில்லை. ஊசிகள் கொத்துக் கொத்தாக, தொட்டால் ஒலிக்கும் போல நின்றன. இது தப்பியிருந்தது. இது இருக்கிற வரைக்கும் எதுவும் கெட்டுப்போகவில்லை. நாளைக்கு மமதா இதைப் படமெடுக்கலாம், கட்டுரை எழுதலாம். பேர் போடலாம். பக்தவச்சலம் என்று போடலாம்.

உளியை எடுத்தார், கீழே வைத்தார். பெயர்த்துக்கொண்டு போனால்தான் என்ன? அலமாரியில் வைத்து அடியில் சீட்டு எழுத வேண்டும். எடுத்தவர் யார்? ஊருக்கே தெரியும் யார் என்று. தன் வீட்டு நடுத்தட்டில், தன் கையெழுத்திலேயே, சாகிற வரைக்கும் அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. "பக்தா வந்துட்டானா?" என்ற மாமியாரின் குரலும் கேட்டது. தனக்கு ஒரு கண் போனாலும் சரி, அவனுக்கு இரண்டும் போகட்டும் என்று ஒரு வெறி வந்தது.

இரண்டாவது பாட்டிலின் மூடியை அவர் மெதுவாகத்தான் திறந்தார். இந்தத் தடவை கை தானாகப் போகவில்லை. அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனார். மாடத்துக்குள் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை மமதா மேடம் பெரிய கேமராவும் பிள்ளைகளுமாக வந்து இறங்கினார். பக்தவச்சலம் புதுச்சட்டையில் முன்னால் நடந்தார். தலைவலி என்று படுத்திருந்த சிவகுமாரைச் சரோஜம்மாதான் எழுப்பி விரட்டினாள். "கல்யாணம்னா மாப்பிள்ளையா இருக்கணும், சாவுன்னா பொணமா இருக்கணும் உங்களுக்கு! அவரு பேருக்கு ஒரு நாள் பின்னால நின்னாத் தேஞ்சா போயிடுவீங்க?"

கிடங்கு வாசலிலேயே நெடி கண்ணைக் கரித்தது. ஈரம் பட்ட எச்சம் புளித்து அமோனியா வாடை கிளம்பியிருந்தது. மமதா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். டார்ச்சுகள் கோடிச் சுவரில் குவிந்தன. வெறும் செங்கல். வெள்ளை வெள்ளையாக நாலைந்து ஒழுகல் தடம்.

பக்தவச்சலம் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு மடமடவென்று கல்லின்மேல் ஏறி மாடத்துக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றார். இறங்கி வந்தபோது அவர் கண் ஒரே ஒரு ஆளைத்தான் தேடியது. மாடம் இருப்பது இன்னொருவருக்குத்தான் தெரியும். சிவகுமார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்படி? யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க!" மமதாவின் குரல் உடைந்தது. "யார் இந்த வேலை செஞ்சது?"

சிவகுமார் ஓரடி பின்னால் நகர்ந்தார். இதோ, சொல்லிவிடப் போகிறான்.

"நான்தான் மேடம்" என்றார் பக்தவச்சலம். "போட்டோ புடிக்கிறீங்களே, தூசியும் தும்புமா இருக்கக் கூடாதுன்னு நேத்து வந்து கழுவி வுட்டேன். தண்ணி ஆகாதுன்னு நீங்க சொன்னது மண்டையில ஏறல. படிக்காத கூதறை, மன்னிச்சிக்குங்க."

மமதா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். "விடுங்க சார். வேணும்னு செஞ்சீங்களா? நீங்க முதல்ல குடுத்த துண்டு லேப்ல பத்திரமா இருக்கு. அது போதும். கட்டுரை வரும், உங்க பேரும் வரும். இனிமே கிளாஸ் எடுக்கும்போதெல்லாம் இந்தக் கதையையும் சொல்லப்போறேன். அபூர்வமான கனிமத்தைப் போட்டோவுக்காகக் குளிப்பாட்டின மனுஷர்னு!"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. ஷில்பா என்ற பெண் பக்தவச்சலத்தின் தோளைத் தட்டி, "பரவாயில்ல அங்கிள்" என்றாள். எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வெறும் சுவர் தெரிகிற மாதிரி வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அவரும் அசட்டுத்தனமாக நின்றார். கண் மட்டும் எங்கேயோ இருந்தது.

தப்பித்தோம் என்று சிவகுமார் மூச்சுவிட்டிருக்க வேண்டும். வெட்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவருக்கு வந்தது அது இல்லை. முள்செடிப் பக்கம் தனியாக நின்று அந்தக் கும்பலைப் பார்க்கப் பார்க்க மறுபடியும் அடிவயிறு எரிந்தது. கண்டெடுத்தபோதும் அவன் பேர். அழிந்தபோதும் அவன் பேரா? ஊற்றியது யார்? கை சில்லிட்டது யாருக்கு? வாழ்நாளில் அவர் செய்த ஒரே பெரிய காரியம், பாதகமே ஆனாலும் அவர் செய்தது, அதையும் எடுத்துத் தன் தலையில் கிரீடமாக வைத்துக்கொண்டு நிற்கிறானே!

"அவன் இல்ல!" என்று கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள். "நான்தான் ஊத்தினேன். மொத பாட்டில் கை தவறிப்போச்சி. ரெண்டாவது வேணும்னுதான் ஊத்தினேன். நான்தான்!"

கேமரா இறங்கியது. மமதா அவரையும் பக்தவச்சலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்ல அவர் முகம் கனிந்தது. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"பாருங்கப்பா" என்று பிள்ளைகளிடம் சொன்னார். "சகலை திட்டு வாங்கக் கூடாதுன்னு இவர் பழியைத் தன்மேல போட்டுக்கிறார். கல்லைத் தெரிஞ்சவர் வேணும்னு கல்லை அழிப்பாரா? எப்பேர்ப்பட்ட குடும்பம்!"

"இல்ல மேடம், நெசமாவே நான்தான். பக்தா, நீ சொல்லு!"

பக்தவச்சலம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். "எங்க சகலை அப்டித்தான் மேடம். எனக்கு ஒண்ணுன்னா வுடமாட்டாரு" என்றார்.

யாரோ ஒரு பிள்ளை கைதட்ட ஆரம்பித்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. கடைசியில் எல்லோரும் தட்டினார்கள், மமதாவும் தட்டினார். அலமாரி பக்கத்தில் நின்று அவர் எந்த வருஷமும் வாங்காத கைதட்டல். "நிறுத்துங்க" என்று சிவகுமார் சொன்னது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

பக்தவச்சலம் கைதட்டவில்லை. குனிந்து சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு, "வாங்க மேடம், லதா சோறாக்கி வெச்சிருக்கா" என்று மற்ற எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்.